இப்ப வாரேன்

கரமனை,
12 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஷிஜா எழுதுகிறேன். இங்கே எனக்கும் நாய்க்கும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை. அங்கே மலைக்குளிர் தாங்குகிறதா, சோறு உள்ளே இறங்குகிறதா, தெரியவில்லை. குடியை நிறுத்துகிற இடத்தில் ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் ஜெயன் சார் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் கையில் தருவார் என்று உங்களைக் கொண்டுவிட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். வாசிக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால்கூட உங்களுக்கு நான் கடிதம் எழுதினதில்லை, முதல் கடிதத்தையே சார் வாசிக்கிறார்.

விஷயம் கட்டனைப் பற்றி. நீங்கள் போன மறுநாள் முதல் கொண்டு, நான் ஏழரைக்கு ஸ்கேன் சென்டர் வேலைக்கு இறங்கினால் போதும், கேட்டில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஊளை. மத்தியானம்வரை விடுவதில்லை. மாடியில் ஸ்ரீலட்சுமி சேச்சி நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் உறங்குகிற ஆள். நேற்று இறங்கி வந்து, "ஷிஜே, நாலு திவசமாயி ஞான் உறங்கியிட்டு" என்றாள், உறங்கி நாலு நாள் ஆகிறதாம். கண் இரண்டும் சிவந்திருந்தது. வீட்டுக்காரி, என்ன சொல்ல முடியும்? மே மாதம்வரை பார்ப்பாளாம். அதற்குள் அடங்கவில்லையென்றால் நாயை வேறு எங்காவது கொண்டுவிட வேண்டும்.

கவடியாரில் பாதி வீட்டு நாய்க்கு இரு, நில், கிட என்று படிப்பித்தவர் நீங்கள். சொந்த வீட்டு நாயை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நாயைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
ஷிஜா


கல்லாறு,
20 ஜனவரி 2025

பிரியமுள்ள ஷிஜாவுக்கு,

ஜெபசிங். சுகமாயிருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேஜை ஆடுகிறது என்று எடுத்துக்கொள்.

கட்டன் விஷயத்தில் பதறாதே. வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் நாய் அப்படித்தான் செய்யும். முதல் காரியம், நீ இறங்குவதற்கு முன்னால் அதை அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போ. களைத்த நாய் கத்தாது. நடக்கும்போது கயிற்றை இழுக்காதே, அது இழுத்தால் நீ நின்றுவிடு, கயிறு தளர்ந்த பிறகு நட. இரண்டாவது, இறங்கும்போது கொஞ்சுவது, தடவுவது, சமாதானம் சொல்வது எதுவும் வேண்டாம். பையை எடு, செருப்பைப் போடு, வாயைத் திறக்காமல் இறங்கு. திரும்பி வந்ததும் உடனே தலையைத் தடவாதே. அது நாலு காலில் நின்ற பிறகு தடவு.

பெயரைச் சொல்லி ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். பத்துத் தடவை கூப்பிட்டால் பதினோராவது தடவைதான் வரவேண்டும் என்று படித்துக்கொள்ளும். வந்துவிட்டால் எவ்வளவு கோபம் இருந்தாலும் திட்டாதே. நான் எல்லா வீட்டிலும் முதல் நாள் சொல்வது உனக்குத் தெரியும்: ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான். சொன்னால் சொன்னது நடக்க வேண்டும். அதில் நாம் ஏமாற்றினால் நாயைக் குறை சொல்லக் கூடாது.

கோழி எலும்பு வேகவைத்தது போடாதே, குத்தும். வெங்காயம் போட்ட குழம்புச்சோறு கூடவே கூடாது. காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார். மண்ணெண்ணெய் தடவச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே, டாக்டரிடம் மருந்து வாங்கு.

இங்கே எல்லாம் சரி. காலையில் கட்டன்சாயா தருகிறார்கள். அந்தக் கறுப்பைப் பார்த்தால் அவன் ஞாபகம் வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.
ஜெபசிங்


கரமனை,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் கடிதம் வந்ததே சாட்சி. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் உங்களைப் பற்றி ஒன்றரை வரி. நான்தான் அப்படிக் கேட்டேன், சரி.

உண்ணி பதினாலு எடுத்தேன். நடத்திக்கொண்டும் போகிறேன். ஆனால் பேசாமல் இறங்குவதுதான் எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே தட்டுவாள். 'போயிட்டு வாரேன்' என்று சொல்லித்தான் வாசல் இறங்கிப் பழக்கம். ஒன்றும் சொல்லாமல் இறங்குவது சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள் செய்கிற வேலை. ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இறங்கினேன். தம்பானூர்வரை பஸ்ஸில் 'போயிட்டு வாரேன்' என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். நாயோ, சத்தமே போடவில்லை.

மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாவது நாள் சனிக்கிழமை, பக்கத்து வீட்டு ஜிஷா கறிவேப்பிலைக்கு வந்தாள். நான் பறித்துக்கொண்டிருக்கும்போது, "சேச்சி, அடுப்புல பால் வச்சிருக்கேன், இப்ப வாரேன்" என்று ஓடினாள். கட்டன் எழுந்து கேட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்து ஊளையிட ஆரம்பித்தது. அவள் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டாள். அது நிறுத்தவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் அடுக்களையில் நின்று சும்மா சொல்லிப் பார்த்தேன். 'வாரேன்' என்றேன், காதை மட்டும் தூக்கியது. 'போயிட்டு வாரேன்' என்றேன், கொட்டாவி விட்டது. 'இப்ப வாரேன்' என்றேன். நான் எங்கும் போகவில்லை, கையில் கரண்டியோடு நிற்கிறேன். அது கேட்டுக்கு ஓடிவிட்டது. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. யோசித்துப் பார்த்தால், நீங்கள் போன நாள் முதல் நானும் தினமும் ஏழரைக்கு அதன் தலையைத் தடவி, 'போயிட்டு வாரேன்' என்பதற்குப் பதிலாக இந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

இந்தச் சொல்லில் மட்டும் அதற்கு என்ன இருக்கிறது? உங்களுக்குத் தெரியுமா?

குளிரில் காதை மூடிக்கொள்ளவும்.
ஷிஜா


கல்லாறு,
11 பிப்ரவரி 2025

பிரியமுள்ள ஷிஜாவுக்கு,

சுகம். நீ சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம்.

நகம் வளர்ந்திருக்கும். தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் வெட்டும் நேரம். நுனியை மட்டும் வெட்டு. கறுப்பு நகம், உள்ளே ரத்தம் ஓடுகிற இடம் தெரியாது. வெயில் ஏறுகிறது. நடத்துவதற்கு முன் புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பார், உன்னால் வைத்திருக்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது. தண்ணீரை இரண்டு இடத்தில் வை. வருஷ ஊசி மார்ச்சில், அட்டை அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.

நீ கேட்டது ஏதாவது சத்தத்துக்குப் பயந்ததாக இருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டுவிடு.

ஜெபசிங்


கரமனை,
16 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். ஊசி போட்டாயிற்று. அம்மன் கோயில் பொங்கலைக்கு நம் ரோடு முழுக்க அடுப்பு. புகைக்குப் பயந்து கட்டன் குளியலறையில் ஒளிந்துகொண்டது. வாசலில் பொங்கலையிட்ட பெண்களுக்கு நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம், "மோளே, இப்ப வராம்" என்றாள். மலையாளத்தில் சொன்னாலும் அதற்குப் புரிகிறது. அவ்வளவு புகையிலும் குளியலறையை விட்டு வெளியே வந்து கேட்டில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியாது என்று ஆனது. ஒரு மாதமாக எழுதாமல் வைத்திருந்தேன்.

சத்தத்துக்குப் பயந்ததாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெயன் சார் வாசிக்கிறார் என்றா? அவரும் வாசிக்கட்டும்.

நாலு வருஷம். சாயங்காலம் ஆறரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிஜா, இப்ப வாரேன்." முதல் வருஷம் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக் காத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். கட்டன் விடவில்லை. நீங்கள் வந்து விழுகிறவரை கேட்டில் இருக்கும். நாம் சண்டை போடும்போதுகூட அது உள்ளே வராது, இன்னும் யாரோ வரவேண்டும் என்பது மாதிரி ரோட்டையே பார்க்கும்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி அதையும் நடத்துகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். பிவரேஜ் மதுக்கடை வரிசைக்குப் பக்கத்தில் கரண்ட் கம்பத்தில் கட்டினீர்கள். அதனிடமும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருப்பீர்கள். யாரோ பைக்கில் உங்களை மட்டும் கொண்டுவந்து இறக்கினார்கள். நாய் எங்கே என்று கேட்டதற்கு, 'எந்த நாய்' என்றீர்கள்.

எங்கெல்லாமோ தேடி, மறுநாள் பத்து மணிக்குத்தான் அந்தக் கம்பத்தடியில் நான் அதைக் கண்டுபிடித்தேன். இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கயிறு அவிழ்ந்து கிடந்தது. எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. யாரோ வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவிழ்ந்த கயிறோடு அது நின்றுகொண்டே இருந்தது, உட்காரக்கூட இல்லை. அந்த இடத்தில் நின்றுதான் நான் முடிவெடுத்தேன், இனிமேல் உங்களோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்று. இந்த ஆறு மாதம் ஜெயன் சாரும் உங்கள் அக்காவும் கேட்டதற்காகக் கொடுத்தது. முடிந்து நீங்கள் இங்கே வருவீர்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் என்று எழுதினீர்களே. நம் வீட்டில் 'இப்ப வாரேன்' என்றால் 'வரமாட்டேன்' என்று அர்த்தம். நாய் சரியாகத்தான் படித்திருக்கிறது.

உடம்பு முக்கியம்.
ஷிஜா


கல்லாறு,
4 ஏப்ரல் 2025

ஷிஜாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், அதைச் சுகம் என்றே எழுதலாம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மேஜை ஆடவில்லை. அன்றைக்குக் கைதான் ஆடியது. இப்போது குறைவு.

கயிறு அவிழ்ந்து கிடந்தது எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் நாய் படிப்பித்தவன் நான். இப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை, இப்படி ஒரு குற்றத்தையும் செய்ததில்லை. மன்னிப்பு என்று எழுத வெட்கமாயிருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையை எழுதுகிறேன்.

கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் பழக்கலாம். ஆனால் இந்தச் சொல்லை ஊரே சொல்லும், விட முடியாது. ஆகவே சொல்லையே உண்மையாக்க வேண்டும். கேட்டில் நின்று 'இப்ப வாரேன்' என்று சொல். வெளியே போய் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடு. கொஞ்சாதே, சும்மா உள்ளே போ. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. அது கேட்டுக்கு வருவதை நிறுத்திய பிறகு இரண்டு நிமிஷம். பிறகு ஐந்து, பத்து. அவசரம் கூடாது. அது படுத்துவிட்டால் ஜெயித்தாய் என்று அர்த்தம், நிற்கிற நாய் நம்புகிற நாய் அல்ல. ஆனால் ஒரே ஒரு தடவை சொல் பொய்யானால்கூட, முதல் நிமிஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நான் கெடுத்ததை நீ செய்ய வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு ஒரு பகல் வெளியே விடுகிறார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் வாரேன்.

ஜெபசிங்


கரமனை,
21 ஏப்ரல் 2025

அத்தானுக்கு,

சுகம்.

நேற்று அப்பமும் கோழிக்கறியும் வைத்திருந்தேன். நாய்க்கு எலும்பு எடுத்து, வெங்காயம் போடாமல் தனியாக. சனிக்கிழமையே குளிப்பாட்டியிருந்தேன். பயிற்சி இருபது நிமிஷம்வரை வந்திருக்கிறது.

நீங்கள் வருவதாக எழுதியதை நான் அதனிடம் சொல்லவில்லை. அதனால் அதற்கு ஒன்றும் இல்லை. பகல் முழுக்க நன்றாக உறங்கியது.

ஷிஜா


கல்லாறு,
28 ஏப்ரல் 2025

பிரியமுள்ள ஷிஜாவுக்கு,

சுகம். நீ கோபமாயிருப்பாய். பஸ் கிடைக்கவில்லை, பண்டிகைக் கூட்டம், பாதி வழி, நெடுமங்காட்டிலேயே மத்தியானம் ஆகிவிட்டது, திரும்பிவிட்டேன். இருபது நிமிஷம் என்பது பெரிய காரியம். மழைக்கு முன்னால் பாய் ஒன்று வாங்கு, ஈரத்தரையில் படுக்க விடாதே. நனைந்தால் விரலிடுக்கைத் துணியால் துடை, இல்லாவிட்டால் புண் வரும். காதிலும் ஈரம் நிற்கக் கூடாது.

ஜெபசிங்


கரமனை,
11 மே 2025

அத்தானுக்கு,

சுகம். ஸ்ரீலட்சுமி சேச்சி நேற்று இறங்கி வந்து, "பட்டி ஜீவனோடெ உண்டோ?" என்று கேட்டாள். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குச் சத்தமில்லாமல் இருக்கிறது. இனி நாயைக் கொண்டுவிடச் சொல்லமாட்டாள். கட்டன் நாற்பது நிமிஷம் வந்துவிட்டது. இப்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னால் வாலை ஒரு தடவை தரையில் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

முந்தாநாள் மழையில் நம் ரோட்டு லிஜோவின் ஆட்டோவில் வந்தேன். "ஈஸ்டருக்கு ஜெபசிங் அண்ணன் வந்திருந்தாரே, இளைச்சுப் போயிட்டாரு" என்றான். கரமனை ஸ்டாப்பில் வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பையுமாக அரை மணி நேரம் நின்றீர்களாம். கூப்பிட்டானாம், காது கேட்காத மாதிரி இருந்தீர்களாம்.

பஸ் கிடைத்திருக்கிறது. ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஆறு நிமிஷம். பக்கத்திலேயே பிவரேஜ் கடை. ஈஸ்டர் அன்றைக்கு அது திறந்திருந்ததா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. நீங்களே சொல்லுங்கள். பொய் எழுதுவதாயிருந்தால் தபால் செலவு வேண்டாம்.

ஷிஜா


கல்லாறு,
22 மே 2025

ஷிஜாவுக்கு,

உடம்பு சுகம். மனம் இல்லை.

கடை திறந்திருந்தது. வரிசையும் இருந்தது. நான் போகவில்லை. குடிக்கவும் இல்லை. திரும்பி வந்ததும் ஜெயன் சார் ஊதச் சொல்லிப் பார்த்தார், அவரையே கேட்கலாம். நான் நின்றது அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில். அவன் நின்ற இடம் அதுதானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தால் அவன் ஒன்றும் நடக்காதது மாதிரி வாலை ஆட்டுவான். நாய்கள் அப்படித்தான். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. உன் முகம் வாலாட்டாது என்பதும் தெரியும். பையில் அவனுக்கு ஒரு புது கழுத்துப்பட்டை இருந்தது. அடுத்து வந்த பஸ்ஸில் திரும்ப ஏறிவிட்டேன். பயந்து ஓடினேன், அதுதான் நடந்தது. அதை மறைக்கப் பொய் எழுதினேன்.

ஜூலை இரண்டாம் தேதி இங்கிருந்து விடுவார்கள். எங்கே போக வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஜூன் எட்டு, ஞாயிறு, ஒரு பகல் தருகிறார்கள். வாரேன் என்று எழுதவில்லை. வரட்டுமா என்று கேட்கிறேன்.

ஜெபசிங்


(அஞ்சலட்டை)
கரமனை, 31 மே

எட்டாம் தேதி பத்து மணிக்கு வரலாம். நாய் சுகம்.
ஷிஜா


கரமனை,
9 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று மழையில் நனைந்தே திரும்பிப் போனீர்கள். சளி பிடிக்காமல் இருக்கிறதா? நேற்று நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். ஐந்து மாதமாக எழுதி எழுதி, இப்போது பேசுவதைவிட இது சுலபமாயிருக்கிறது.

பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வந்தீர்கள். கட்டன் மேலே பாயவில்லை. உங்கள் செருப்பிலிருந்து முட்டிவரை ஒரு தடவை மோந்துவிட்டு, உங்கள் கால்மேல் தாடையை வைத்துப் படுத்தது. நீங்கள் அழுதீர்கள். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன், வேலை ஒன்றுமில்லை.

மத்தியானம் சாயா போடப் பார்த்தால் பால் திரிந்துபோயிருந்தது. நீங்கள் எழுந்து, "பால் வாங்கிட்டு இப்ப வாரேன்" என்றீர்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உங்களுக்குத் தெரிந்தது, முகம் வெளுத்துவிட்டது. நான் திரிந்த பாலைத் தொட்டியில் ஊற்றினேன். நீங்கள் போனீர்கள்.

பதினொரு நிமிஷத்தில் வந்தீர்கள். கையில் பால் பாக்கெட். முதலில் நாயைத்தான் பார்த்தீர்கள். படியில் நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. "பாத்தியா ஷிஜா, படுத்துக் கெடக்கான்!" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. பிறகு என் கையைப் பார்த்து, என்ன கறை என்று கேட்டீர்கள். துரு என்றேன்.

கேட்டுக் கம்பியின் துரு. கட்டன் படுத்துத்தான் கிடந்தது அத்தான். பதினொரு நிமிஷமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ரோட்டு முக்கில் உங்கள் தலை தெரிந்ததும் ஓடிவந்து அடுப்பு முன்னால் நின்றுகொண்டேன். ஈஸ்டர் அன்றைக்கு நாய் உறங்கியது என்று எழுதினேன், யார் உறங்கவில்லை என்று எழுதவில்லை. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம்வரை அதே கம்பிதான்.

நாலு வருஷமும் அது மட்டும் காத்து நின்றதாக எழுதிவிட்டேன். அது பொய். தோசைக்கல்லை எடுத்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தில் நானும் நின்றேன்.

நாயைச் சரியாக்க இரண்டு மாதம் ஆனது. என்னை யாரும் படிப்பிக்கவில்லை. ஆகவே இப்படிச் செய்யலாம். ஜூலை இரண்டாம் தேதி நேரே வீட்டுக்கு வரவேண்டாம். லிஜோ வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது, நாலு வீடு தள்ளி. சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு இங்கே வாருங்கள். கேட்டில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். முக்குவரை போய்விட்டுத் திரும்பி வாருங்கள். முதலில் ஒரு நிமிஷம். நான் கேட்டுக்கு வராமல் உள்ளே உட்கார்ந்திருக்கப் பழகிய பிறகு இரண்டு. பிறகு ஐந்து, பத்து. அவசரம் கூடாது. பிஸ்கட் தரவேண்டாம், தலையைத் தடவவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை தவறினால் முதலிலிருந்து. எல்லாம் நீங்கள் எழுதின முறைதான்.

எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. நான் நாயைவிடப் பிடிவாதக்காரி.

புது கழுத்துப்பட்டை பொருந்தியிருக்கிறது. கட்டன் சுகம். நான் ஒரு நிமிஷம்வரை சுகம்.

ஷிஜா